வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைன் டிகிரி: யாரை நம்பிப் பணம் கட்டுவது?

எழுதியவர்: செக்ரோல் கிராணி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கிறேன். வயது 35. எஸ்பிஎம் (படிவம் ஐந்து அரசாங்கத் தேர்வு) எழுதியது 2007-இல். மலாய்மொழி 5சி, கணக்கு 3பி, ஆங்கிலம் 7டி. முடிவு வந்த சமயத்தில் அப்பா தவறிவிட்டார். அம்மா அப்போது இன்னும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். படிவம் ஆறில் இடம் கிடைத்தும் போகவில்லை. காலைப் பெரட்டில் (வேலையாட்கள் கூடி நிற்கும் இடத்தில்) பேர் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அப்புறம் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு. இப்போது சம்பளக் கணக்கு, ஸ்டோர் கணக்கு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) எல்லாமே என் மேசையில்தான்.

தம்பிகள் இருவரும் படித்து வெளியே போய்விட்டார்கள். சரி, இனி நமக்காக ஏதாவது செய்வோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியானது. "டிகிரி இருந்திருந்தால் உன் பேரைத்தான் கொடுத்திருப்பேன்" என்றார் மேனேஜர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோவில் மாதர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு விளம்பரம் போட்டிருந்தார். பேசினேன். நல்ல தமிழில் அன்பாகத்தான் பேசினார். எல்லாம் ஆன்லைன், பரீட்சை கிடையாது, அசைன்மென்ட் மட்டும், 18 மாதத்தில் பட்டம் என்றார். எனக்கு வேலை அனுபவம் இருப்பதால் எஸ்பிஎம் போதுமாம். கட்டணம் 14,800 வெள்ளி (ரிங்கிட்). வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் கட்டினால் 11,800. "அனைத்துலக அங்கீகாரம்" என்று ஒரு சான்றிதழின் படமும், பட்டமளிப்பு விழாப் படங்களும் அனுப்பினார். கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்தேன். உண்மையான கல்லூரிதான், கோலாலம்பூரில் கட்டடம் இருக்கிறது.

கையில் 9,000 வெள்ளி இருக்கிறது. மீதியை அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாம் என்று அம்மாவே சொல்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது. கல்லூரி உண்மை என்றால் படிப்பும் உண்மைதானே? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? இப்படிப் படித்து முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


எழுதியவர்: லிந்தாங் அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை போகட்டும். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். உண்மையான பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குப் பல முறை சேர்க்கை நடக்கும். இந்தத் தவணை விட்டால் அடுத்த தவணை இருக்கிறது.

நான் லிந்தாங் ரோட்டுப் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஈப்போவில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 38 வயதில் பட்டப்படிப்பைத் தொடங்கி 43-இல் முடித்தேன். ஆனால் அது என்னுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் 6,500 வெள்ளி போனது. அதை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

எனக்கும் இப்படித்தான் ஒருவர் வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், அனுபவத்துக்கே பட்டம் என்றார். எட்டு அசைன்மென்ட் எழுதினேன். ஒன்றுக்குக்கூட யாரும் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பவில்லை, எல்லாவற்றுக்கும் "ஏ" மட்டும் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஓராண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்த பெண், "அக்கா, இது எம்கியூஆர்-இல் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

எம்கியூஆர் என்பது மலேசியத் தகுதிப் பதிவேடு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த எம்கியூஏ (மலேசியத் தகுதி நிறுவனம்) அதை வைத்திருக்கிறது. அரசாங்க இணையத்தளம், முகவரி "ஜிஓவி டாட் எம்ஒய்" என்று முடியும். யாரும் காசில்லாமல் தேடலாம். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள், நீங்களே முகவரியைத் தட்டித் தேடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கல்லூரி உண்மை என்றால் படிப்பும் உண்மையா? அப்படி இல்லை. இங்கேதான் நம் ஆட்கள் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கப்படுவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒரே கல்லூரியில் டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் பட்டப்படிப்புக்கு இருக்காது. அதனால் தேடும்போது படிப்பின் முழுப் பெயரையும் எழுத்து மாறாமல் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் அதைத் திறந்து இரண்டு இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, படிப்பு நடக்கும் முகவரி. இரண்டாவது, நடத்தும் முறை. வகுப்பறைப் படிப்புக்கு வாங்கிய அங்கீகாரம் திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புக்குச் செல்லாது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். "அதே படிப்புதான் அக்கா, ஆன்லைனில் நடத்துகிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதிவு எண்ணையும் பாருங்கள். "எம்கியூஏ" என்பதை அடுத்து "பிஏ" என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், "எஃப்ஏ" என்றால் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்றால் மோசடி என்று அர்த்தமில்லை. புதுப் படிப்பு எல்லாம் அப்படித்தான் தொடங்கும், முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்குப் போவார்கள். ஆனால் சங்கிலி அடகு வைத்துப் படிக்கிறவர் முழு அங்கீகாரம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். முதல் அணியாக இருந்து பார்க்கும் வசதி நமக்கு இல்லை.

அப்புறம் அந்த 18 மாதம். நீங்கள் சம்பளக் கணக்குப் போடுகிறவர், இதையும் போட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு: வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. மொத்தம் 4,800 மணி நேரம். 18 மாதம் என்பது 78 வாரம். வகுத்தால் வாரத்துக்கு 61 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. காலை ஐந்தே முக்காலுக்குப் பெரட்டில் நிற்கிற உங்களால் அது முடியுமா? முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியென்றால் அங்கே படிப்பு நடக்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம்.

எஸ்பிஎம்மும் வேலை அனுபவமும் போதும் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இவர்கள் தூண்டிலில் மாட்டுகிறார்கள். ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது, அனுபவக் கல்விக்கு அங்கீகாரம் தருவது. 21 வயது தாண்டியவர்கள், தொடர்புள்ள வேலை அனுபவம் இருந்தால், படிவம் ஆறில் எழுதும் எஸ்டிபிஎம்மோ டிப்ளோமாவோ இல்லாமலே பட்டப்படிப்பில் சேரலாம். ஆனால் அதை ஏஜென்ட் வாயால் சொல்லித் தர முடியாது. எம்கியூஏ அனுமதித்த மதிப்பீட்டு மையத்தில் தகுதித் தேர்வு எழுத வேண்டும், உங்கள் வேலையைப் பற்றிய கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். தேறினால் சான்றிதழ் வரும். நான் அப்படித்தான் உள்ளே போனேன்.

சேர்ந்த பிறகு ஏபெல்-சி என்று இன்னொன்று. ஏற்கனவே வேலையில் கற்ற பாடத்தைத் தேர்வெழுதியோ கோப்புக் காட்டியோ நிரூபித்தால் அந்தப் பாடத்தின் கிரெடிட் கிடைக்கும். மொத்தத்தில் 30 விழுக்காடு வரைதான். அதாவது 120-இல் 36. முழுவதும் கிடைத்தாலும் மிச்சம் 84 கிரெடிட், 3,360 மணி நேரம். வாரத்துக்கு 20 மணி நேரம் படித்தால் மூன்றேகால் ஆண்டு. எனக்கு அவ்வளவு கிடைக்கவில்லை, மூன்று பாடங்கள்தான் கிடைத்தன, அதனால் ஐந்து ஆண்டு ஆனது.

அந்த ஐந்து ஆண்டும் சுலபம் இல்லை தங்கச்சி. புள்ளியியலில் ஒருமுறை தோற்றேன். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒரு டியூட்டர் இருந்தார், என் விடைத்தாளில் எந்த வரியில் தடுமாறினேன் என்று சிவப்பில் எழுதியிருந்தார். முதல் முயற்சியில் கிடைத்த எட்டு "ஏ"-யைவிட அந்தச் சிவப்பு மையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இன்னும் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். நீங்கள் எங்கே சேருவதாக இருந்தாலும் கேளுங்கள்: என் பாடத்துக்கு டியூட்டர் யார், ஒரு தவணையில் எத்தனை முறை சந்திப்பு, அசைன்மென்டைத் திருத்தி எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.


எழுதியவர்: ஓய்வு பெற்ற ஆசிரியர், தைப்பிங்

மகளே, அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஆன்லைன் படிப்பு என்றதும் நம்மவர்களில் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் இது நேற்று முளைத்ததில்லை. பினாங்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) 1971-லேயே வேலை செய்பவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்கும் வழியைத் தொடங்கிவிட்டது. தபாலில் வரும் பாடநூலை மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பட்டம் வாங்கிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை எனக்குத் தெரியும். 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது, 2006-இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவை இதற்கென்றே அமைந்தவை. உங்கள் தேடலை இப்படிப்பட்ட இடங்களிலிருந்து தொடங்குங்கள். அங்கேயும் அக்கா சொன்னபடி படிப்பின் பெயரைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

பட்டம் எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் தலைமை அலுவலகத்தில் அந்தப் பதவிக்குப் போகத்தான் என்றால், மேனேஜரிடம் சொல்லி, "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் படிப்பை ஏற்பீர்களா, ஏபெல் வழி சேர்ந்தாலும் ஏற்பீர்களா" என்று மனிதவளப் பிரிவிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். அரசாங்க வேலையும் மனதில் இருந்தால் அங்கேயும் சேருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் நிலைத் தேர்ச்சி (அக்கா சொன்ன படிப்பு கிரெடிட் வேறு) கேட்பார்கள், உங்கள் 5சி கிரெடிட்தான், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. தாதிமை, சட்டம், பொறியியல் என்றால் கதையே வேறு. அந்தந்தத் தொழில் வாரியமும் ஏற்றிருக்க வேண்டும், எம்கியூஏ மட்டும் போதாது. உங்களுடையது வணிக நிர்வாகம் என்பதால் இதை நீட்டவில்லை. ஆனால் நாளைக்குக் கணக்காய்வாளர் ஆகும் எண்ணம் இருந்தால் வணிக நிர்வாகத்தை விடக் கணக்கியல் பட்டம்தான் பொருத்தம், இதை இப்போதே யோசியுங்கள்.

பணத்துக்கு நகையைத் தொட வேண்டியதில்லை. இபிஎஃப் பணத்தில் உங்கள் சொந்தப் படிப்புக்கு எடுக்க வழி உண்டு. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறதல்லவா, அதில் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள். முறையான கல்லூரி அந்தக் காகிதங்களைத் தயங்காமல் கொடுக்கும். எங்கே சேர்ந்தாலும் தவணை தவணையாகவே கட்டுங்கள், முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள்.


எழுதியவர்: கோலாகங்சார் தம்பி

அக்கா, நான் இரண்டு தவணை படித்துவிட்டு நிறுத்தினவன். மோசடி எல்லாம் இல்லை, நல்ல பல்கலைக்கழகம்தான். எங்கள் வீட்டில் லைன் கிடைக்காது, அதுதான் காரணம். மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் நெட் வரும். இரவு எட்டு மணி வகுப்புக்கு மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தி, அதன் எண்ணெய் டேங்க் மேல் மடிக்கணினியை வைத்து உட்காருவேன். மழை வந்தால் வகுப்பு போச்சு. ஆன்லைன் பரீட்சையில் கேமரா போட்டுக் கண்காணிப்பார்கள், நடுவில் லைன் அறுந்து போனதும் எனக்குக் கை காலே ஓடவில்லை.

அதனால் சேருவதற்கு முன்பே இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் ஒரு நீளமான வீடியோ அழைப்பு போட்டுப் பாருங்கள். வகுப்பைப் பதிவு செய்து வைப்பார்களா, பரீட்சையை ஈப்போ மையத்தில் நேரில் எழுதலாமா, ஒரு தவணை ஒத்திப்போட்டால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். நான் இதில் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் தொடங்கப் போகிறேன். இந்த முறை ஈப்போவில் அத்தை வீட்டில் வாரம் இரண்டு இரவு தங்கிக்கொள்ள ஏற்பாடு.


எழுதியவர்: செக்ரோல் கிராணி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம் என்ற இடத்தில் அம்மா அழுதுவிட்டார்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியில் பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு இருக்கிறது, பெயர்கூட ஒன்றுதான். முழு அங்கீகாரம். ஒரு நிமிடம் சந்தோஷமாகிவிட்டது. பிறகு நீங்கள் சொன்ன இரண்டு இடத்தையும் பார்த்தேன். முகவரி கோலாலம்பூர் வளாகம். முறை வழக்கமான வகுப்பறை. தொலைநிலை என்று வேறு பதிவு எதுவும் இல்லை. நேராகக் கல்லூரிக்கே போன் செய்தேன். "நாங்கள் அந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்துவதில்லை" என்றார்கள். 18 மாதம் என்றதும் அந்தப் பெண் திரும்பக் கேட்டார், யார் சொன்னது என்று.

விளம்பரம் போட்ட அந்த ஏஜென்ட்டுக்குச் செய்தி அனுப்பினேன். "அது பிராசஸில் இருக்கிறது அக்கா" என்று வந்தது. எழுத்தில் தரச் சொன்னேன், அதற்குப் பிறகு பதில் இல்லை. மாதர் குழுவிலும் பதிவேட்டின் படத்தைப் போட்டு விவரம் எழுதிவிட்டேன், ஏனென்றால் இன்னும் இரண்டு பேர் முன்பணம் கட்டத் தயாராக இருந்தார்கள். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை.

வீட்டில் இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு நாற்பது நிமிடம் தாங்கியது, தம்பி. மழை இல்லாத நாள் அது. மழை நாளிலும் போட்டுப் பார்க்கிறேன்.

அக்கா, அந்த ஏபெல் கோப்பில் என்ன வைக்க வேண்டும்? என்னிடம் சான்றிதழ் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆங்கிலம் 7டி என்பதால் தகுதித் தேர்வையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.


எழுதியவர்: லிந்தாங் அக்கா

மாதர் குழுவில் போட்டீர்களே, எனக்கு அதுவே போதும். அந்த ஆசிரியையிடம் பேசுங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்தே படியுங்கள். நாங்கள் மூன்று பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு ஒரே காரில் போவோம். எண்ணெய்க் காசும் மிச்சம், போகிற வழியிலேயே பாடத்தைப் பேசி முடித்துவிடுவோம். தனியாக இருந்திருந்தால் புள்ளியியலில் தோற்ற அன்றே நான் நிறுத்தியிருப்பேன்.

தேர்வுக்குப் பயப்படாதீர்கள். மொழி, எண்கணக்கு, பொது அறிவு போன்றவைதான் வரும். கணக்கில் 3பி எடுத்தவர் நீங்கள். ஆங்கிலத்துக்கு இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம், தலைமை அலுவலகத்திலிருந்து வரும் மின்னஞ்சலையே வாசித்து, பதிலை நீங்களே எழுதிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

சான்றிதழ் இல்லை என்கிறீர்கள். கோப்பு என்பது சான்றிதழ் அடுக்குவது மட்டும் இல்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன வேலை செய்தீர்கள் என்று மேனேஜரிடம் கடிதம் வாங்குங்கள். முதல் சம்பளச் சீட்டும் இப்போதைய சம்பளச் சீட்டும் வையுங்கள். கம்பெனி அனுப்பிய பயிற்சி, அரை நாள் பயிற்சியாக இருந்தாலும், அதற்கான காகிதம். அப்புறம் நீங்கள் செய்த வேலையின் மாதிரி: தொழிலாளர் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு மாதத்துச் செக்ரோல், ஸ்டோர் கணக்குச் சரிபார்ப்புத் தாள், வெளியே காட்ட மேனேஜரின் அனுமதியோடு. ஒவ்வொன்றுக்கும் கீழே இதைச் செய்யும்போது என்ன கற்றேன் என்று நாலு வரி, உங்கள் சொந்த வார்த்தையில். மதிப்பீடு செய்பவர் அந்த நாலு வரியைத்தான் உட்கார்ந்து படிப்பார்.

கையால் செக்ரோல் எழுதிய காலத்திலிருந்து கணினிக்கு மாறியபோது அந்த மாற்றத்தைச் செய்தவர் நீங்கள்தானே? அதை முதல் பக்கத்தில் வையுங்கள். பழைய கையெழுத்துப் புத்தகம் ஸ்டோரில் கிடக்கும், செல்லரிப்பதற்குள் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.